தண்ணீர்க் கணக்கில் காலிக் கட்டங்கள்

கேரல் வேலை பார்த்த ஆய்வு நிறுவனம் மல்லேஸ்வரத்தில் இருந்தது. நாட்டில் எந்த மாவட்டம் எவ்வளவு தண்ணீர் செலவழிக்கிறது என்று மத்திய அரசுக்கு அறிக்கை தயாரிக்கும் பொறுப்பு அவர்களிடம் வந்திருந்தது. வீட்டுக்கும் ஆலைக்கும் போகும் தண்ணீரின் கணக்கு ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது. வயலுக்கு இறைக்கும் தண்ணீரில்தான் சிக்கல். எத்தனையோ மாவட்டங்களுக்கு நேரே வெறும் காலிக் கட்டம்.

அதை நிரப்பச் சுலபமான வழி ஒன்று உண்டு. கணக்கு அனுப்பிய மாவட்டங்களின் சராசரியைப் போட்டுவிட வேண்டியதுதான். முந்தைய அறிக்கைகள் அப்படித்தான் வந்தன. கேரலுக்கு மனசு ஒப்பவில்லை. கணக்கு அனுப்பியவை பெரும்பாலும் கால்வாய்ப் பாசனம் உள்ளவை. மதகில் அளவு எடுக்க ஆள் இருந்தது. அனுப்பாதவை போர்வெல்லை நம்பிய ஊர்கள்; அங்கே அளக்க மீட்டரே கிடையாது. ஒன்றின் சராசரி மற்றதற்கு எப்படிப் பொருந்தும்?

தண்ணீருக்கு மீட்டர் இல்லாவிட்டாலும் பம்ப்செட்டுக்குப் போகும் கரண்டுக்கு சப்ஸ்டேஷனில் மீட்டர் உண்டு. அதிலிருந்து தண்ணீரைக் கணக்கிட்டுப் பார்க்கிறேன் என்று தலைமை ஆய்வாளர் மைதிலியிடம் கேட்டாள். மைதிலி உடனே தலையாட்டிவிடவில்லை. அபூர்வமாக மீட்டர் வைத்து அளந்திருந்த சில போர்வெல் மாவட்டங்களின் உண்மைக் கணக்கை மறைத்து வைத்துவிட்டு, முதலில் அவற்றை மதிப்பிட்டுக் காட்டச் சொன்னார்.

முதல் சோதனை மானத்தை வாங்கியது. மற்ற இடங்கள் சுமாராக வந்தன. வறண்ட மாவட்டங்களுக்கு மட்டும் உள்ளதைப்போல் இரண்டு பங்கு தண்ணீர் காட்டியது. கேரல் ஒரு வாரம் அதே கணக்கை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பேத்திக்கு ஞானஸ்நானம் என்று அம்மா லவினாவோடு தங்கவயலுக்கு ரயில் ஏறினாள். பங்காருபேட்டை தாண்டி ஒரு வயலில் போர்வெல் லாரி குழி போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் குழாய்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. குழியிலிருந்து வெள்ளைக் கல்மாவுதான் புகைந்தது, ஈரமே இல்லை. அவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்குவதற்கே கரண்டில் பெரும்பகுதி போய்விடும், மேலே வருவது கொஞ்சம்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆழத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தாள். ஞானஸ்நான விருந்தில் அவள் கை பிரியாணியில் இருந்தது, மனம் நிலத்தடி நீர்மட்ட வரைபடத்தில் இருந்தது.

ஆழத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டியபோது மறைத்து வைத்த மாவட்டங்கள் கிட்டத்தட்ட எல்லாமே சரியாக வந்து உட்கார்ந்தன. மைதிலி திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா இருக்கு கேரல். ஆனா ஒவ்வொண்ணுக்கும் இதுலேர்ந்து இதுவரைக்கும்னு ரெண்டு நம்பர் போட்டிருக்கே. டெல்லியில ஒரே நம்பர்தான் கேக்கறாங்க."

"ஒரே நம்பர் போட்டா அளந்து எடுத்ததுன்னு நினைச்சுக்குவாங்க மேடம். நம்ம அளக்கல. மதிப்பீடுதானே?"

"அப்படின்னா மீட்டிங்ல நீயே சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்."

வீடியோ கூட்டத்தில் அதிகாரி ஒருவர் அந்த இரண்டு எண்களையே பிடித்துக்கொண்டார். உங்களுக்கே நிச்சயமில்லாத எண்ணை நாங்கள் எப்படி அச்சிடுவது என்றார். கேரல் தயங்காமல் பதில் சொன்னாள். மறைத்து வைத்த மாவட்டங்களைக் காட்டினாள்; பழைய சராசரி முறை அதே மாவட்டங்களில் எவ்வளவு தவறியது என்பதையும் பக்கத்திலேயே காட்டினாள். பிறகு அதே அதிகாரி, மதிப்பிட்ட எண்களை வேறு நிறத்தில் அச்சிடலாம், இரண்டு எண்ணும் இருக்கட்டும் என்றார். அறிக்கை அப்படியே வெளிவந்தது.

மறு வருஷம் ஒரு மாநிலம் தன் வறண்ட மாவட்டங்களில் மீட்டர் பொருத்தி அளந்து கணக்கை அனுப்பியது. மைதிலி உண்மை எண்ணை வாசிக்க, கேரல் அறிக்கையோடு ஒப்பிட்டாள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் அவள் போட்ட எல்லைக்குள்ளேயே விழுந்தன. ஒரு மாவட்டம் மட்டும் வெளியே நின்றது. அதை அவளே டெல்லிக்கு முதலில் எழுதினாள். பதிலுக்கு, மற்ற மாநிலத்துக்காரர்களுக்கும் இந்த முறையைக் கற்றுக்கொடுக்க வர முடியுமா என்று கேட்டார்கள்.

"நான் பார்த்துப் பார்த்துச் செஞ்ச வேலையிலகூட இவ்வளவு சுத்தமா வந்ததில்லை," என்றார் மைதிலி. அவ்வளவு எளிதில் பாராட்டுகிறவர் இல்லை அவர்.

கேரல் காக்ஸ் டவுன் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த லவினா எழுந்தே நின்றுவிட்டாள்.

"அந்த புக்ல உன் பேர் இருக்கா?"

"முறைன்னு போட்டிருக்கிற பக்கத்துல இருக்கும்மா. சின்ன எழுத்துல."

லவினா அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, பெயர் நடுவில் வரும்படி போனில் படம் எடுத்தாள். முதலில் தங்கவயலுக்கு அனுப்பினாள், பிறகு சர்ச் குரூப்புக்கு. நாட்டுத் தண்ணி முழுக்க என் மகள் அளந்தாள் என்று கீழே எழுதினாள். அளக்கவில்லை, மதிப்பிட்டாள் என்று திருத்த வாயெடுத்த கேரல், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். திருத்தவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, வருகிற வாழ்த்துகளை அம்மா சத்தமாக வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.