முப்பத்தொன்றாம் அத்தியாயம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மச்சினன் வந்தபோது அவன் இன்னும் பல் துலக்கியிருக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் பல்லு செய்யற மனுஷன். சொந்தப் பல்லு இந்த லட்சணமா மாமா?" என்று கேட்டுக்கொண்டே மச்சினன் செருப்பைக் கழற்றினான். லிஃப்ட் மெக்கானிக். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மேலே பார்ப்பது அவன் பழக்கம். இன்று கீழே பார்த்தான். தரை கூட்டி நாளாகியிருந்தது.

"என்னடா திடீர்னு?"

"அம்மாவுக்கு அக்கா குரல் வேணுமாம். போட்டோ நிறைய இருக்கு, குரல்தான் மறந்துடும் போல இருக்குன்னு ஒரே அழுகை. அக்கா போன்ல பழைய வாய்ஸ் மெசேஜ் ஏதாவது இருக்கும்ல?"

போன் அலமாரியில் அவள் துணிகளுக்கு அடியில் இருந்தது. ஐந்து மாதமாக அவன் அதைத் தொடவில்லை. மச்சினன் சார்ஜர் கொண்டுவந்திருந்தான். சமையலறைப் பிளக்கில் மாட்டிவிட்டு இருவரும் அதன் முன்னால் நின்றார்கள்.

மாமியார் வாரம் தவறாமல் அவனுக்கு போன் செய்வார். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "ஒண்ணும் தெரியாம, சிரிச்ச முகத்தோட போயிட்டா மாப்பிள்ளை. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்." அவனும் அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். அது போய்விட்டால் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

அவளுக்குக் கணையத்தில் கட்டி. டாக்டர் இதை வராந்தாவில் வைத்து அவனிடமும் மாமியாரிடமும் சொன்னார். நாலு மாசம், மிஞ்சிப்போனால் அஞ்சு. "அவகிட்ட மூச்சு விடக்கூடாது," என்று மாமியார் அங்கேயே அவன் கையில் அடித்து வாக்கு வாங்கினார். உள்ளே போய் வயிற்றுப்புண் என்றார்கள். அவள் சரி என்று தலையாட்டினாள்.

வெறும் வாய்ப் பொய் நிற்காது என்று அவனுக்குத் தெரியும். அதற்கு முட்டுக்கொடுக்க அவன் ஒரு வேலை செய்தான்.

அவன் பல் லேபில் வேலை பார்ப்பவன். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, மெழுகில் பல் செதுக்கி, பல்லுக்கு மாட்டும் பீங்கான் தொப்பி செய்து அனுப்ப வேண்டும். அவள் ஆயத்த ஆடை கம்பெனியில் காகிதத்தில் அளவு வரைந்து வெட்டுபவள். இருவருக்கும் கைக்குத்தான் வேலை, காது சும்மா கிடக்கும். அப்படித்தான் போனில் கேட்கும் அந்த ஒலிக்கதை வீட்டுக்குள் வந்தது. பதினோரு பாகம். பாகத்துக்கு நாற்பது மணி நேரம். சாம்பல் கோட்டையிலிருந்து துரத்தப்பட்ட ராணி ஒருத்தி, நாடு நாடாகப் படை திரட்டிக்கொண்டு திரும்பி வரும் கதை. மொத்தத்தையும் ஒரே கிழவர் வாசித்தார். ராணியை நெஞ்சிலிருந்து பேசுவார், தோழிப்பெண்ணை மூக்கிலிருந்து பேசுவார். அவர் முகத்தை இருவரும் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு வருடம் அவர் அந்த வீட்டின் மூன்றாவது ஆள். சாப்பிட உட்கார்ந்தால், "தாத்தா இன்னைக்கு என்ன சொன்னார்?" என்றுதான் அவள் ஆரம்பிப்பாள்.

"குட்டிக் கதையில ஒருத்தரைப் பிடிச்சுப்போச்சுன்னா உடனே டாட்டா சொல்லணும்," என்பாள். "இதுல பிடிச்சவங்க நூறு மணி நேரம் கூடவே வருவாங்க. அவசரமே இல்ல."

வேகத்தைக் கூட்டிக் கேட்பவர்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது. மெல்லாமல் முழுங்குகிற ஜென்மங்கள் என்று திட்டுவாள்.

மூன்று பாகம் முடிந்திருந்தபோதுதான் டாக்டர் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அன்று மாலையே அவன் மிச்சம் எட்டுப் பாகத்தையும் ஒரே மூச்சில் வாங்கி அவள் போனிலும் தன் போனிலும் ஏற்றினான். முந்நூற்று இருபது மணி நேரம். சாகப்போகிறவளுக்கு யாராவது முந்நூற்று இருபது மணி நேரக் கதை வாங்கித் தருவார்களா? அவன் போட்ட கணக்கு அதுதான். அவள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, நான் கிழவியாகற வரைக்கும் வேலை வெச்சுட்டியே," என்றாள். பொய் நின்றுவிட்டது என்று அவன் நினைத்தான்.

பகலில் லேபில் இரண்டு அத்தியாயம் கேட்டுவைப்பான். மாலையில் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு, தன் போனிலிருந்து அதையே அவளுக்குப் போடுவான். அவள் கேட்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பான். தேறி வருகிற ஆளின் முகம் போலத்தான் இருக்கும்.

போன் உயிர்பெற்றது. மச்சினன் எதையோ தேடப்போய் எதையோ தொட்டுவிட்டான். கதை பாட ஆரம்பித்தது. பாட்டுதான். கிழவரின் குரல் அணிலைப்போலக் கீச்சுக்கீச்சென்று ஓடியது.

மச்சினனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்ன மாமா, தாத்தாவுக்குக் கடைசி பஸ் போகப்போகுதா? இந்த ஓட்டம் ஓடறாரு!"

அவன் போனைப் பிடுங்கினான். வேகம் இரண்டு மடங்கு. பத்தாம் பாகம், பதினான்காம் அத்தியாயம்.

அவர்கள் சேர்ந்து கேட்டது ஆறாம் பாகம் வரைதான்.

"ஏதாவது கை பட்டிருக்கும் மாமா," என்றான் மச்சினன். சிரிப்பு நின்றிருந்தது.

கை படவில்லை. கதையில் பிடித்த இடத்தில் அடையாளம் வைத்து, பக்கத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ள அந்தச் செயலியில் வசதி உண்டு. அவன் பட்டியலைத் திறந்தான். நூற்றுக்குமேல் இருந்தன. முதல் அடையாளத்தின் தேதி, டாக்டர் வராந்தாவில் பேசியதற்கு மறுநாள். அதன் பக்கத்தில் செயலி பதிந்திருந்த வேகம் அப்போதே ஒன்றரை.

தனக்கு நாள் குறைவு என்று எப்படித் தெரிந்துகொண்டாள் என்று எங்கேயும் எழுதவில்லை. எழுதியிருந்தது வேறு.

'இங்க ஐயோன்னு சொல்லணும்.'

'படகோட்டிதான் துரோகி. இந்த இடத்துல இவன் கதையை நிறுத்திட்டு என் மூஞ்சியைப் பார்ப்பான். வாயைத் திறந்து வெச்சுக்கணும்.'

'யாரா இருக்கும்னு ரெண்டு தடவை கேட்கணும். ஒரு தடவை கேட்டா நம்ப மாட்டான்.'

'இது சிரிப்பு. வயிறு வலிச்சாலும் கொஞ்சம் சிரிக்கணும்.'

அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். படகோட்டி துரோகி என்று தெரிந்த மாலை அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் வாயைப் பிளந்தாள். அவன் கைதட்டிச் சிரித்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டி கூட, "என்னப்பா, ஒரே கொண்டாட்டமா இருக்கு," என்றார்.

"அம்மா பகல் முழுக்கப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்களே," என்றான் மச்சினன் மெதுவாக. "அக்கா காதுல மாட்டிக்கிட்டுக் கண்ணை மூடியிருப்பா. தூங்கறான்னுதான் அம்மா சொன்னாங்க."

அவன் பட்டியலை விரலால் தள்ளினான். ஆறாம் பாகத்துக்கு வந்திருந்தான். முப்பத்தொன்றாம் அத்தியாயம்.

அந்த அத்தியாயத்தில் ராணி சாகிறாள். சண்டையில் இல்லை. நோயில், ஒரு கூடாரத்தில், மெல்ல மெல்ல. லேபில் அதைக் கேட்டபோது அவன் கையிலிருந்த மெழுகுப் பல் நசுங்கிப்போயிற்று. மாலையில் அவளுக்கு அதைப் போடவில்லை. முப்பது முடிந்ததும் முப்பத்திரண்டுக்குத் தாவினான். "நடுவுல ஒண்ணு பழுது. ஓட மாட்டேங்குது. ஒண்ணுமில்ல, ராணி படை கேட்கக் கடல் தாண்டிப் போறா, அவ்வளவுதான்," என்றான். அதற்குப் பிறகு ராணியைப் பற்றி யாராவது துக்கமாகப் பேசும் இடங்களையெல்லாம் விரலால் தள்ளித் தள்ளி ஓட்டினான். தன் சாமர்த்தியத்தை நினைத்து, வீட்டுக்குப் போகும் வழியில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டான்.

அவள் எழுதியிருந்தது: 'இதை எனக்குப் போட மாட்டான். ராணி எங்க போனான்னு கேட்கக்கூடாது.'

கேட்கவில்லை. கதையின் தலைவியே காணாமல்போய்ப் பத்து அத்தியாயம் ஓடியும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவனோடு மல்லுக்கு நிற்பவள். அது ஏன் என்று அவனுக்கு அப்போது தோன்றவே இல்லை.

மச்சினன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ஒன்றிரண்டு வரி படித்திருப்பான். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

அவன் கீழே தள்ளிக்கொண்டே போனான். ஏழு, எட்டு, ஒன்பது. வேகம் ஒன்றே முக்கால் ஆகி, இரண்டு ஆகியிருந்தது. குறிப்புகள் குறையவில்லை. வராத மாலைகளுக்கும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். எங்கே திகைக்க வேண்டும், எங்கே அவனைக் கிண்டல் செய்ய வேண்டும், எங்கே தூக்கம் வருகிறது என்று சொல்லித் தப்பிக்க வேண்டும்.

கடைசியில் இரண்டு இருந்தன. இரண்டும் ஒரே நாள். அவள் போவதற்கு ஒன்பது நாள் முன்னால்.

மாலை ஆறே முக்கால்: 'இன்னைக்கு அவன்கிட்ட சொல்லிடலாம். தனியா முடியல.'

ஏழு இருபது: 'தூங்கிட்டான். சட்டையெல்லாம் மாவு. பாவம். நாளைக்கு.'

அந்த நாள் அவனுக்கு ஞாபகம் இருந்தது. லேபில் பதினெட்டுப் பல் அவசரமாகக் கேட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவன் கதையைப் போடுவதற்குள் கண்ணயர்ந்துவிட்டான். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து தட்டித்தான் எழுந்தான். அவள் கண் திறந்திருந்தது. "போய் வீட்டுல ஒழுங்கா படு," என்றாள். மறுநாள் காலையிலிருந்து காய்ச்சல். பிறகு அவள் தெளிவாகப் பேசவே இல்லை.

மச்சினனின் போன் அடித்தது. அம்மா. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"கிடைச்சுதாடா? அவ பேசினது இருக்கா?"

"இருக்கும்மா. பார்த்துக்கிட்டிருக்கோம்," என்ற மச்சினன், எதுவும் சொல்லவேண்டாம் என்று இவனைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா? மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா? ராத்திரி கனவுல வந்தா. அதே சிரிப்பு. ஒண்ணும் தெரியாமப் போனாளே, அந்த மட்டும்..."

மச்சினன் அவன் கையைப் பிடித்துக் காதோடு கிசுகிசுத்தான். "வேணாம் மாமா. அம்மா தாங்க மாட்டாங்க."

இதையேதான் அன்று வராந்தாவில் மாமியார் சொன்னார். அவ தாங்க மாட்டா என்று.

அவன் கையை விடுவித்துக்கொண்டான். "அத்தை, அவளுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். டாக்டர் நம்மகிட்ட சொன்ன மறுநாளே."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு யாரோ குழாயை மூடினார்கள்.

"பயந்தாளா?" என்று கேட்டார் மாமியார்.

"தெரியல அத்தை," என்றான் அவன். "ஒருநாள் என்கிட்ட சொல்லணும்னு இருந்திருக்கா. நான் தூங்கிட்டேன்."