படிகாரத்துக்கு அடங்காத புண்

முடிதிருத்துகிறவர் காலை அகட்டி அகட்டி நடந்து என் கிளினிக்குக்குள் வந்தார். உட்காரச் சொன்னால், நின்றுகொண்டே சொல்கிறேன் என்றார். சவரம் செய்யும்போது படக்கூடாத இடத்தில் கத்தி பட்டுவிட்டதாம். ஊரார் கன்னத்தையெல்லாம் கீறாமல் வழித்த கை, சொந்த விஷயத்தில் மட்டும் நடுங்கியதாம். டாக்டர் காதிலேயே பூச்சுற்றுகிறார்.

திரையை இழுத்துவிட்டுப் பார்த்தேன். ஓரம் பிய்ந்த, தொட்டால் ரத்தம் கசிகிற புண். தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவுக்கு நெறி கட்டியிருந்தது.

"இதுல என்ன போட்டீங்க?"

"படிகாரம். அதுக்கு மேல ஷேவிங் லோஷன். கடையில கத்தி பட்டா அதானே போடுவோம், டாக்டரம்மா?"

"எரியலையா?"

"தெருவே எட்டிப் பாத்துச்சு."

"கத்தி பட்டா நெறி இப்படி வீங்காது. இதுக்குப் பேரு ஷாங்க்ராய்டு. உடலுறவுல தொத்துறது. சிபிலிஸ் புண்ணு பெரும்பாலும் வலிக்காது. உங்களுக்கு உயிர் போகுது, அந்த மட்டும் நல்லது. இருந்தாலும் சிபிலிஸ், எச்.ஐ.வி. ரெண்டுக்கும் ரத்தம் பாத்துடலாம்."

கட்டியில் ஊசி போட்டுச் சீழை உறிஞ்சி எடுத்தேன். இந்தத் தடவை எங்கள் தெரு எட்டிப் பார்த்தது.

"ரெண்டு மாத்திரை, சேர்த்துப் போடணும். சில நாள்ல வலி அடங்கிடும். உங்க வீட்டம்மாவும் போட்டாகணும், அவங்களுக்குப் புண்ணு இல்லேன்னாலும்."

மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. "பூச்சி மாத்திரைன்னு சொல்லி டீயில கரைச்சுக் குடுத்துடவா?"

"செஞ்சு பாருங்க, என்கிட்டயே உதை வாங்குவீங்க."

"அப்ப நீங்களே சொல்லிடுங்க. அவ விட்டுட்டுப் போயிட்டா நான் அவ்வளவுதான்." அழுதேவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

வெளியே பெஞ்சில் காத்திருந்த மனைவியைக் கூப்பிட்டு, அவரை வைத்துக்கொண்டே விஷயத்தைப் போட்டு உடைத்தேன். இருவர் மாத்திரைகளையும் மேசைமேல் வைத்தேன். அந்த அம்மாள் கத்தவில்லை. தன் மாத்திரைகளை விழுங்கித் தண்ணீர் குடித்தாள். பிறகு கணவரின் இரண்டையும் எடுத்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இவருக்கு ரொம்ப வலிக்குமா டாக்டர்?"

"ரொம்ப."

"மாத்திரை போடலேன்னா?"

"இன்னும் வலிக்கும்."

நான் தலையிட்டிருக்க வேண்டும். கை கழுவப் போய்விட்டேன்.

"எவ்வளவு நாளா?" என்று அவரைக் கேட்டாள்.

"ஒரே ஒரு நாள்தான், சத்தியமா."

அவள் கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"போன வருஷத்துலேருந்து," என்றார்.

அவள் கண் நிறைந்துவிட்டது. ஜிப்பைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னொண்ணு இருக்கு. யாரு அவ?"