ராக்காவல் நின்றவனுக்கு

விடிவதற்கு முன்னால் தொட்டித் தண்ணீரில் இறங்கிக் காப்பிக்கொட்டையை மிதித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், பெரும்பாறை மலைக் குளிர் தோலோடு நிற்கிற சங்கதி இல்லை என்று. மிஷினில் அரைத்துப் பழத்தோல் நீக்கித் தொட்டியில் ஊறப்போட்ட கொட்டை, வழவழவென்று காலோடு ஒட்டும். அந்த வழவழப்புப் போகிற வரைக்கும் மிதிக்க வேண்டும். ஓடைத் தண்ணீரைத் திருப்பிவிட்டு அலசிவிட்டு, மறுபடி மிதிக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால்தான் நிச்சயம்.

சாயங்காலம் பழமூட்டை வந்து இறங்கியதும் நாங்கள் ஆறு பேர் மிஷின் கொட்டகைக்குள் போவோம். பழத்தை அன்றைக்கே அரைத்தாக வேண்டும், போட்டு வைத்தால் கெட்டுவிடும். அரைத்து, முந்தின நாள் பழத்தின் கொட்டையைக் கழுவி முடிக்க விடியற்கருக்கல் ஆகிவிடும். வெயில் ஏறினதும் கொட்டையைக் களத்தில் பரப்பிக் கிளறிவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்களுக்கென்று ஒரு தூக்கம் இருந்தது. சாக்குகளை விரித்து, சாக்குகளையே போர்த்திக்கொண்டு விழுந்தால், சூரியன் முகத்தில் சுடும்வரைக்கும் உலகம் கிடையாது. வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில், பிள்ளைகள் கூச்சலுக்கு நடுவே பகலில் தூங்குவது தூக்கமா? அந்த விடிகாலைத் தூக்கம்தான் எங்களை ஆளாக வைத்திருந்தது.

அதைத்தான் சேனாதிபதி என்ற எங்கள் எஸ்டேட் முதலாளி தேசத்துக்குக் கொடுத்துவிட்டார்.

சீனாக்காரன் சண்டை வந்ததும் ஊரெல்லாம் கூட்டம், ஊர்வலம். எங்கள் எஸ்டேட்டில் டிரில் வந்தது. ஆம்பளைகள் எல்லாரும் கருக்கலில் களத்துக்கு வந்து, மூங்கில் கழியைத் துப்பாக்கியாகத் தோளில் வைத்து நடக்க வேண்டும், ஓட வேண்டும், தவழ வேண்டும். வராதவனுக்கு அரைநாள் சம்பளம் வெட்டு, கூடவே தேசத்துரோகி என்ற பட்டம். சொல்லிக்கொடுக்க, பட்டாளத்திலிருந்து திரும்பி வந்திருந்த ஹவில்தார் கந்தவேலை முதலாளி சம்பளம் பேசிக் கூட்டி வந்தார். குடியரசு தினத்துக்குப் பெரிய அதிகாரிகள் வரும்போது தன் ஆட்களை அணிவகுத்துக் காட்ட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. சண்டை நின்றுவிட்டதாக ரேடியோவில் சொன்ன பிறகும் எங்கள் டிரில் நிற்கவில்லை. அவர் பங்களா வராந்தாவில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, நாங்கள் அரைத்த காப்பியைக் குடித்தபடி, நாங்கள் தவழ்வதைப் பார்ப்பார். வயிறு எரியும். ஆனால் எரிவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டுமே.

பகல் ஆட்களுக்கு டிரில் ஒன்றும் பெரிய பாரமில்லை. ராத்திரி தூங்கியவர்கள்தானே! அவர்களில் சுப்புராஜுக்கு அது திருவிழா. வாட்டசாட்டமான பிள்ளை. காக்கி டவுசர் தைத்துக்கொண்டு முதல் வரிசையில் நிற்பான். தூக்கத்தில் எங்கள் கால் பின்னும்போது, "ஏலே, மாவாட்டுறீங்களா, மார்ச் பண்றீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பான். அவனை அடிக்கவும் எங்களால் முடியாது.

தை பிறந்த சமயத்தில்தான் எங்கள் ஆறு பேரில் ஒருவரான நாச்சிமுத்து அண்ணன் விஷயம் நடந்தது. கொட்டை ஊறியது போதுமா என்று கைவிட்டுப் பார்த்துத் தண்ணீர் திறக்கச் சொல்வது அவர் பொறுப்பு. அன்றைக்குத் தொட்டிச் சுவரில் சாய்ந்தவர் நின்றபடியே தூங்கிப்போனார். பரேடு விசில் சத்தம் கேட்டுத்தான் விழித்தார். கையை விட்டுப் பார்த்துவிட்டுக் களத்துக்கு ஓடி வந்தார்.

"ஐயா, தொட்டியை இப்பவே தெறக்கணும். கொஞ்சம் விடுங்க."

கந்தவேல் பங்களாவைத் திரும்பிப் பார்த்தார். வராந்தாவிலிருந்து, "முதல்ல பரேடு!" என்று குரல் வந்தது. நாச்சிமுத்து அண்ணன் மூங்கில் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். பரேடு முடிந்து போனபோது தொட்டி புளித்து நாறிக்கொண்டிருந்தது. ஒரு தொட்டிக் கொட்டை முழுக்க வீண்.

முதலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். நாங்கள் ஆறு பேரும் எதிரே நின்றோம்.

"வேணும்னே செஞ்சிருக்கே நீ. யுத்த காலத்துல இதுக்குப் பேரு என்ன தெரியுமா? நாசவேலை!"

"கண்ணசந்துட்டேன் முதலாளி. முழிச்சதும் வந்து சொன்னேனே. நீங்கதான் பரேடுன்னீங்க."

"ஓகோ, தப்பு என்மேலயா? எல்லையில ஜவான் பனியில நிக்கிறான். உனக்குத் தூக்கம் கேக்குதோ?"

"அந்தப் பிள்ளைகளுக்கும் தூங்குறதுக்கு ஒரு முறை வச்சிருப்பாங்கல்ல, முதலாளி?"

முதலாளி ஹவில்தார் பக்கம் திரும்பினார். "சொல்லுய்யா இவனுக்கு. பட்டாளத்துல எப்படின்னு சொல்லு."

கந்தவேலுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை போலிருக்கிறது. விறைப்பாக நின்றுகொண்டு சொன்னார்: "ராக்காவல் நின்னவனுக்குக் காலைப் பரேடு கெடையாதுங்க. அவன் தூங்கணும். தூங்காதவன் கையில துப்பாக்கி இருந்தா, அது எதிரிக்குத்தான் சௌரியம்."

முதலாளியின் முகம் கறுத்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள லைன் வீட்டைக் காலி பண்ணிரு நாச்சிமுத்து. உனக்கு இங்க சோலி இல்லை. தொட்டிக்கு அந்த சுப்புராஜை மாத்துறேன். வாட்டமா இருக்கான், தாங்குவான்."

நாச்சிமுத்து அண்ணன் அந்த லைனுக்கு வந்த பிறகுதான் அவர் பிள்ளைகள் எல்லாம் பிறந்தார்கள். வேறு வீடு, வேறு ஊர் அவர்களுக்குத் தெரியாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். யுத்த நிதிக்குக் கேட்டு வந்தபோது, அவர் மனைவி சிவபாக்கியம் காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தவள். இன்னும் காதில் ஈர்க்குச்சிதான். அந்த வீட்டுக்காரன் தேசத்துரோகியாம். அன்றைக்குப் பகலில் எனக்கு அந்த லைன் வீட்டுத் தூக்கமும் வரவில்லை.

மறுநாள் காலை, நாங்கள் கொட்டை பரப்பிக்கொண்டிருந்தபோது சுப்புராஜ் களத்துக்கு வந்தான். ஒரே ஒரு ராத்திரி தொட்டியில் நின்று, பரேடும் முடித்திருந்தான். கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. காக்கி டவுசரெல்லாம் கொட்டைச் சளி.

"வேலுமணி அண்ணே," என்றான் என்னிடம். "இத்தனை நாளும் எப்படிண்ணே இருந்தீங்க?"

"மாவாட்டிக்கிட்டு இருந்தோம்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாவமாகத்தான் இருந்தது.

பழமெடுக்கப் புறப்பட்ட பெண்கள் கூடையோடு களத்தோரம் நின்றிருந்தார்கள். என் மனைவி வடிவு முன்னால் வந்தாள்.

"இப்படியே ஆளாளுக்குப் புலம்பிட்டு இருந்தா, ஞாயித்துக்கிழமை சிவபாக்கியம் அக்கா சட்டிபானையோட ரோட்டுல நிக்கும். என்ன செய்யப் போறீங்க?"

"வேலைநிறுத்தம் செய்வோம்" என்றான் சுப்புராஜ்.

"அந்த வார்த்தையைச் சொல்லு, நாளைக்கே போலீசு வரும். யுத்தச் சட்டம் இருக்குன்னு முதலாளி சொல்லிக்கிட்டே திரியிறாரு." அவள் கூடையைக் கீழே வைத்தாள். "பரேடுக்குப் போங்க. எல்லாரும் போங்க. போயி, அங்கயே படுத்துத் தூங்குங்க. தூங்குறவனைப் பிடிக்க எந்தச் சட்டத்துல இடமிருக்குன்னு பார்ப்போம்."

"உதைச்சு எழுப்புவாரே, தாயி?" என்றார் களத்தோரம் வந்து நின்ற நாச்சிமுத்து அண்ணன்.

"நாங்க சுத்தி உக்காந்திருப்போம். எங்களைத் தாண்டி வரட்டும்."

பகல் ஆட்கள் முதலில் தயங்கினார்கள். நமக்கேன் வம்பு என்று ஒருவன் முனகினான். சுப்புராஜ் தன் சிவந்த கண்ணோடு அவன் முன்னால் போய் நின்றான். "என்னையப் பாருலே. ஒரு ராத்திரிக்கே இந்தக் கதி. நான் விழுந்தா அடுத்தது உன்னையத்தான் போடுவாரு." முனகினவனும் சரி என்று தலையாட்டினான்.

அடுத்த கருக்கலில் விசில் ஊதியது. எல்லாரும் போனோம். வரிசையில் நின்றோம். கந்தவேல் "அட்டென்ஷன்" என்றார். நாங்கள் மூங்கில் கழியைக் கீழே வைத்தோம், சாக்கை விரித்தோம், படுத்தோம். பகல் ஆட்களும் பக்கத்தில் படுத்தார்கள். மூடுபனிக்குள்ளிருந்து பெண்கள் வந்து, எங்களைச் சுற்றி முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. எங்கள் போராட்டத்தின் முக்கியமான கட்டத்தில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். மற்றதெல்லாம் வடிவு சொல்லித்தான் தெரியும்.

முதலாளி சால்வை நழுவ ஓடி வந்தாராம். "எழுப்புங்கடி!" என்றாராம்.

"சத்தம் போடாதீங்க முதலாளி," என்றாளாம் சிவபாக்கியம். "இப்பத்தான் கண்ணசந்திருக்காங்க. எங்க வீட்டுக்காரருக்குச் சோலியும் வீடும் உண்டு, ராத்திரி ஆளுக்குப் பரேடு இல்லைன்னு சொல்லுங்க. நாங்க எந்திரிச்சுப் பழமெடுக்கப் போறோம்."

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா சாயங்காலம் பழம் வராது. நீங்களும் ஹவில்தாருமே பழமெடுத்து மிஷினை ஓட்டிக்குங்க."

"ஊதுய்யா விசிலை!" என்று ஹவில்தாரைப் பார்த்துக் கத்தினாராம். கந்தவேல் கழுத்திலிருந்த விசிலைக் கயிற்றோடு கழற்றி முதலாளி கையில் கொடுத்துவிட்டு, நகர்ந்து நின்றுகொண்டாராம். முதலாளி தானே ஊதிப் பார்த்தாராம். எச்சில்தான் வந்ததாம். இன்னொரு தடவை மூச்சைப் பிடித்து ஊதினபோது சத்தம் வந்ததாம். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் அழகம்மாள் மடியில் கிடந்த கைப்பிள்ளை வீறிட்டு அழுததாம். "பிள்ளையை எழுப்பிட்டீங்களே" என்று அவள் சடைத்துக்கொள்ள, பெண்கள் சிரித்துவிட்டார்களாம். சிரிப்புத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. "போலீசோட வர்றேன், அத்தனை பேரும் வீட்டைக் காலி பண்ணுவீங்க" என்று சொல்லி ஜீப்பில் ஏறிப் போய்விட்டாராம்.

எனக்கு முகத்தில் சூரியன் சுட்டுத்தான் விழிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று! ஒரு நிமிஷம் எதுவும் நினைவில்லை. பிறகு சுற்றிலும் முதுகுகள் தெரிந்தன. கிழிந்த ரவிக்கைகள், பழக்கறை படிந்த சேலைகள், பனியில் நனைந்த கொண்டைகள். நடுவில் நாச்சிமுத்து அண்ணன் வாயைத் திறந்தபடி குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார்.

"போயிட்டாரா?" என்றேன்.

"வருவாரு" என்றாள் வடிவு திரும்பாமல். "போலீசோட வர்றாராம். நீங்க இன்னும் செத்த நேரம் படுங்க."

அப்போதுதான் அவள் கழுத்து ஆடுவதைக் கவனித்தேன். உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். நான் மிஷினுக்குப் போகிறபோதும் விழித்திருப்பவள், நான் திரும்புகிறபோதும் விழித்திருப்பவள். ராக்காவல் நின்றவர்கள் நாங்கள் ஆறு பேர்தான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து போய் அவள் தோளைத் தொட்டேன். "நீ போய்ப் படு. நான் உக்கார்றேன்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு என் சாக்கில் போய்ச் சுருண்டாள். சுப்புராஜும் எழுந்து வந்து அழகம்மாளிடம், "பிள்ளையைத் தூக்கிட்டுப் போய்ப் படுக்கா" என்றான். அவள் எழுந்த இடத்தில் அவன் உட்கார்ந்தான். ஒவ்வொருவராகப் பகல் ஆட்களும் வந்தார்கள். பெண்கள் உள்ளே போக, ஆம்பளைகள் வெளியே உட்கார, வட்டம் ஓர் இடத்திலும் அறுபடவில்லை.

கீழே கொண்டையூசி வளைவில் ஜீப் ஏறுகிற சத்தம் கேட்டது. அதன் பின்னால் இன்னொரு வண்டியும் வந்தது.

"அண்ணே, எல்லாரையும் எழுப்பவா?" என்றான் சுப்புராஜ்.

"வேண்டாம்" என்றேன். "அவங்க தூங்கட்டும். நாம முழிச்சுத்தானே இருக்கோம்."