பதினோரு மணி நேரப் பட்டினி

வீரபாகுவுக்குப் பசி வந்தால் எனக்கு அடி விழும். பதினேழு வருடம் எங்கள் வீட்டுக் கடிகாரம் அப்படித்தான் ஓடியது. காலை இட்லி எட்டு மணியைத் தாண்டினால் கன்னத்தில், மத்தியானச் சோறு ஒன்றரையைத் தாண்டினால் முதுகில். ஒரு முறை ரேஷன் கடை வரிசையில் நின்று நேரமாகிவிட்டது. அன்றைக்கு முறுக்கிய சுண்டுவிரல் இன்றுவரை மடங்குவதில்லை. இப்போது பெயர் சொல்லியே சொல்கிறேன். அப்போதெல்லாம் ‘எங்க வீட்டுக்காரரு’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன்.

“பசி வந்தா பத்தும் பறந்துபூடும்மா. அவன் பசி தாங்க மாட்டான், மத்தபடி தங்கம்” என்று கல்யாணமான மாதமே மாமியார் சொன்னாள். நான் நம்பினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முழு மனதோடு நம்பினேன். வேளைக்குச் சோறு போட்டால் தங்கம் வெளியே வரும் என்று அடுப்படியிலேயே கிடந்தேன்.

2004 ஆடியில் அவன் காலில் ஒரு புண். தறிக்குழிக்குள் மிதிகட்டை கிழித்த சின்னக் காயம்தான், ஐந்து வாரமாகியும் ஆறவில்லை. அவன் அப்பாவுக்கும் இப்படி ஒரு புண்ணில் ஆரம்பித்துத்தான் முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தார்கள். கால் போனவனுக்குத் தறி ஏது? வீரபாகு பயந்து போனான். பயத்துக்கும் சேர்த்து நான்தான் வாங்கினேன்.

“சுகர் இருக்குதா, வர்ற மாதிரி இருக்குதான்னு பாத்துடலாம்” என்றார் டாக்டர். “ரெண்டு வாட்டி ரத்தம் எடுப்பாங்க. வெறும் வயித்துல ஒருவாட்டி, சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒருவாட்டி. ரெண்டையும் பாத்தாத்தான் சரியா தெரியும். வியாழக்கிழமை நைட்டு ஒம்பது மணிக்கு மேல தண்ணி தவிர எதுவும் கூடாது. டீகூட ஆகாது. வெள்ளி காலைல எட்டு மணிக்கு லேப்புக்குப் போயிடுங்க.”

ஒன்பதிலிருந்து எட்டு வரை பதினோரு மணி நேரம். டாக்டர் சொன்னது அவனிடம், விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது நான்.

வியாழன் இரவு பிரியாணி வாங்கி வந்து அவனே முழுப் பொட்டலத்தையும் சாப்பிட்டான். ஒன்பது அடித்ததும் அடுப்படிக் கதவைப் பூட்டி, சாவியை என் கையில் திணித்தான்.

“நானே கேட்டாலும் குடுக்காத. குடுத்த, கொன்னுடுவேன்.”

குடுக்கலன்னா என்று கேட்க நாக்கு துடித்தது. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். அவன் முன்னால் மென்றுகொண்டிருந்தால் அதற்கும் விழும் என்று நானும் சாப்பிடாமலே படுத்தேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தவுடன் டீ கேட்டான். டாக்டர் வேண்டாம் என்றாரே என்றேன். அவ்வளவுதான், என் கொண்டையைப் பிடித்து அடுப்படிக் கதவில் நெற்றியை மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. “சாவி எங்கடி?” என்று கேட்டுக்கொண்டே மூன்றாவது தடவை. சாவி என் முந்தானை முடிச்சில் இருந்தது. முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொடுத்தாலும் சாவு, கொடுக்காவிட்டாலும் சாவு. பத்தாவது படிக்கும் என் மகள் பானுப்ரியா பாயில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

தெருக் கதவு தட்டப்பட்டது. வீரபாகு கையை எடுத்தான், லுங்கியைச் சரிசெய்தான், கதவைத் திறந்தான்.

“வாங்கண்ணே, வாங்க. ஜல்தியா வந்துட்டீங்களே.”

தேனாக ஒழுகியது குரல். வந்தவர் காத்தவராயன், பாவு பிணைக்கிறவர். புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவின் நுனியோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கும் வேலை. கண்ணமங்கலத்திலிருந்து வருகிறவர், அவர் தேதி கிடைப்பதே பெரும்பாடு. ரத்தம் கொடுக்கும் நாளும் பாவு பிணைக்கும் நாளும் ஒன்றாக வந்து தொலைந்தன.

பாவில் கை வைப்பதற்கு முன்னால் தறிக்குச் சர்க்கரைப் பொங்கல் படைப்பது எங்கள் வீட்டு வழக்கம். தறிக்காரன் வாயில் முதலில் இனிப்புப் பட வேண்டும், இல்லாவிட்டால் சேலை முடியும்வரை இழை அறுந்துகொண்டே இருக்கும் என்பார்கள். அடுப்படியைத் திறந்து பொங்கல் வைத்தேன். நெய் வாசனை வந்ததும் அவன் மூக்கு விடைத்ததைப் பார்த்தேன். கற்பூரம் காட்டி முடித்தான். காத்தவராயன் கை கழுவப் பின்பக்கம் போனார்.

“இன்னிக்கு ஒருநாள் பானுப்ரியா வாயில போட்டுக்கட்டுமே” என்றேன்.

“தறி என்னுது.” ஒரு கை அள்ளிப் போட்டான். “பிரசாதம் சாப்பாட்டுல சேராது.” இன்னொரு கை. இலையில் இருந்த மீதியையும் வழித்தான்.

“ரத்தம் குடுக்கணுமே, தப்பா காட்டிடப்போவுது...”

தறிமேல் இருந்த நாடாவை எடுத்து வீசினான். நூல் கண்டை வைத்துப் பாவுக்கு நடுவே ஓட்டுகிற கட்டைதான், ஆனால் இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். என் புருவத்தைக் கிழித்துக்கொண்டு சுவரில் மோதி விழுந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. காத்தவராயன் திரும்பி வந்தார், என்னைப் பார்த்தார், பாவுக்கு முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

புருவத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு அவன் பின்னால் லேப்புக்குப் போனேன். மாடியில் இருந்தது. ரத்தம் எடுக்கிற பெண் பெயர் லிடியா. ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“கடைசியா எப்ப சாப்ட்டீங்க?”

“நைட்டு எட்டரைக்கும்மா. பச்சத் தண்ணிகூட இல்ல.”

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் கணக்கு வேறு மாதிரி ஓடியது. பொங்கல் ரத்தத்தில் தெரியும், சுகர் என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் அளந்துதான் சோறு. அளந்த சோறு என்றால் ஆயுசுக்கும் பசி. அந்தப் பசியை யார் முதுகில் இறக்குவான்?

“காலைல சக்கரப் பொங்கல் சாப்ட்டாரு” என்றேன். “நெறைய.”

லிடியா ஊசியைக் கீழே வைத்தாள். “நாளைக்கு வெறும் வயித்தோட வந்துடுங்க” என்றாள். என் புருவத்தைப் பார்த்து, “இன்னா ஆச்சுக்கா?” என்று கேட்டாள்.

“நாடா பட்டுச்சும்மா, பாத்து நடக்கத் தெரியாது” என்று அவன் சிரித்தான். மேசைக்குக் கீழே என் மடங்காத விரலைப் பிடித்து மடக்கிக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் கொட்டியது.

படிக்கட்டுத் திருப்பத்தில் யாருமில்லை. சட்டென்று திரும்பி வாயில் குத்தினான். பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. “மானத்த வாங்கிட்டியேடி” என்று இடுப்பில் உதைத்தான். ஆறு படி உருண்டேன். கடைசிப் படியில் கிடந்த என்னைத் தாண்டிக்கொண்டு அவன் டீக்கடைப் பக்கம் போனான்.

பல்லைக் கையில் துப்பியபோதுதான் அந்த நினைப்பு வந்தது. இவன் வயிறு காலியில்லையே. அரைப்படிப் பொங்கல் உள்ளே கிடக்கிறதே. இரவிலிருந்து பட்டினி கிடப்பவள் நான்தானே. எனக்கு யாரையும் அடிக்கத் தோன்றவில்லையே.

அந்த நினைப்பை முழுதாக நம்பத் தைரியம் வரவில்லை. பழக்கம் அப்படி. நாளைக்கும் பதினோரு மணி நேரம் இருக்கிறது, அதற்கு மட்டும் நான் வீட்டில் இருக்கக்கூடாது, ரத்தம் கொடுத்து முடித்ததும் திரும்பிவிடலாம் என்றுதான் எண்ணினேன். பள்ளிக்கூடத்தில் போய்ப் பானுப்ரியாவை அழைத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறி, கண்ணமங்கலத்தில் இறங்கினேன். என் அக்கா பொன்னியம்மாள் என் வாயைப் பார்த்துவிட்டு வெந்நீர் வைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து ஊர் திரும்பிய காத்தவராயன் அக்கா வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து லேப் சீட்டை எடுத்து நீட்டினார்.

“சுகர் இல்லன்னுட்டாங்கம்மா. வெறும் வயித்துல எம்பத்தெட்டு, சாப்ட்டப்புறம் நூத்திப் பன்னெண்டு. புண்ணுக்கு வேற மருந்து எழுதிட்டாங்க. உன்ன வரச் சொன்னாரு.”

“பசி தாங்குனாராண்ணே?”

“நல்லாவே தாங்குனாரு. மீதிப் பாவுக்காக அஞ்சரைக்கே போயிட்டேன். எனக்கு டீ வாங்கியாந்து குடுத்தாரு, அவரு தொடல. எட்டு மணி வரைக்கும் பக்கத்துல உக்காந்துகினு இழை எடுத்துக் குடுத்தாரு. ரெண்டு வாட்டி கொத்தா அறுத்துட்டேன். பரவால்லண்ணே, பாத்துக்கலாம்னாரு.” அவர் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நேத்து நான் தல குனிஞ்சிகினு இருந்துட்டேன்மா. தப்புதான்.”

நான் சீட்டைப் பார்த்தேன். பதினோரு மணி நேரம் பட்டினி. ஒரு தட்டு பறக்கவில்லை, ஒரு ஆள் மேல் கை படவில்லை. அந்த வீட்டில் அடி வாங்க நான் இல்லை, அவ்வளவுதான். பதினேழு வருடம் சோற்றுப் பானையைக் கட்டிக்கொண்டு அழுதேனே என்று என் மேலேயே ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. சீட்டை நான்காக மடித்து அவரிடமே கொடுத்தேன்.

“நான் வரலன்னு சொல்லிடுங்கண்ணே.”

“இன்னா காரணம்னு கேப்பாரேம்மா.”

“வயிறு நெறைஞ்சப்ப ஒருவாட்டி பாத்துட்டேன், வெறும் வயித்துல ஒருவாட்டி பாத்துட்டேன்” என்றேன். “ரெண்டு ரிசல்ட்டும் வந்துடுச்சுன்னு சொல்லுங்க.”