கட்டிலுக்கு அடியில் ரவுட்டர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது இல்லை. என் லேப்டாப் சார்ஜ் ஏறாமல் அடம்பிடித்து, வயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் மட்டும் உயிர் வந்துகொண்டிருந்த வாரத்தில், அதைப் பழுது பார்த்தவள் சொன்னது. வாரநாட்களில் வீடு வீடாகப் போய் நெட் சரிசெய்வது அவள் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப் பார்ப்பாள். கொண்டையில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளி செருகியிருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் அவளைத் திருப்புளி என்றே கூப்பிடுகிறார்கள். அவளும் போனை எடுத்தால் "திருப்புளி பேசறேன்" என்கிறாள்.

(நேரில் நான் ‘நீங்க’ போட்டுத்தான் பேசுகிறேன். கதைக்குள் ‘அவள்’. எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு திமிர் எப்படியோ வந்துவிடுகிறது.)

சார்ஜ் பின் உள்ளே ஆடிப்போயிருந்தது. ஈயம் வைத்து ஒட்டினாள். அது ஆறும்வரை சும்மா இருக்க முடியாமல் சொன்னதுதான் இது.

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

"கணவனை இழந்த அந்த எழுபது வயது மூதாட்டி, அணைந்துபோன ரவுட்டரின் விளக்கையே வெறித்துப் பார்த்தபடி, இனி யாருக்காக இந்த…"

இதோடு விட்டுவிட்டேன். காரணம் உண்டு. அடுத்த வாரம் கீபோர்டு மக்கர் செய்கிறது என்று மறுபடி அவளிடம் போனேன். தட்டிப் பார்க்க ஏதாவது ஒரு ஃபைலைத் திறக்க வேண்டுமே. திறந்தது இதைத்தான்.

"சார், யாரு இவங்க?"

"நீங்க சொன்னீங்களே, அந்த மாடிவீட்டு அக்கா."

"அவங்களுக்கு நாப்பத்தெட்டு வயசு சார். வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்காரு. அன்னிக்கு வேலைக்குப் போயிருந்தாரு, அவ்ளோதான். அவரை எதுக்கு நீங்க சாகடிச்சீங்க?"

ஒரு சாவைப் போட்டுவிட்டால் வாசிக்கிறவர் மனம் உடனே இளகிவிடும், எழுதுகிறவனுக்குப் பாதி வேலை மிச்சம். வீட்டுக்கு வந்ததும் அந்த மனிதரை உயிரோடு எழுப்பி, வேலைக்கு அனுப்பிவைத்தேன்.

3

திருப்புளி அந்த மாடிப்படி ஏறியபோது காலை பதினொரு மணி. மூன்று நாளாக நெட் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விட்டுவிட்டு வருகிறது என்பது புகார். கதவைத் திறந்த அக்கா, அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் படுக்கையறைக்குக் கூட்டிப் போய், குனிந்து, கட்டிலின் விரிப்பைத் தூக்கிக் காட்டினாள். சுவர் மூலையில், தரையோடு தரையாக, தூசி மூடிக் கிடந்தது ரவுட்டர். தொட்டால் சுட்டது.

"ஐயோ அக்கா, இதைப் போய் யாராவது இங்க வைப்பாங்களா? மூச்சுவிட வழியில்லாம சூடாகிச் சூடாகியே அணைஞ்சு போகுது. ஹால்ல அலமாரி மேல மாட்டிடறேன். வீடு பூரா சிக்னல் அள்ளும்."

"வீடு பூரா வேணாம்மா. இங்கயே இருக்கட்டும்."

இப்படிச் சொல்கிற ஆளை அவள் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. சரி, முதலில் கோளாறைப் பார்ப்போம் என்று தன் போனில் அந்த ரவுட்டரின் கணக்கைத் திறந்தாள். யார் யார் அதில் சேர்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் வந்தது.

"ஒண்ணு உங்க போனு. இன்னொண்ணு லேப்டாப்பு. வீட்டுல லேப்டாப் இருக்காக்கா?"

"இல்லையே."

"அப்ப யாரோ உங்க நெட்டை ஓசியில ஓட்டறாங்க!" கையும் களவுமாகப் பிடித்துவிட்ட உற்சாகம் அவளுக்கு. "ஒரு நிமிஷம், தூக்கிடறேன்."

"தூக்கிடாதீங்க!" அக்கா பதறிப்போய் அவள் கையையே பிடித்துவிட்டாள். பிறகு கையை விட்டுவிட்டு, மெல்லச் சொன்னாள். "அது என் தங்கச்சி. கீழ்வீடு. இந்த மூலைக்கு நேர் கீழதான் அவ மேசை."

பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது.

4

ஏன் நின்றது? நான் மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன்.

[அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது யார் கூட இருந்தது என்பதில்…]

[ஒரு கல்யாண வீட்டில், எல்லார் முன்னாலும், தங்கை ஒரு வார்த்தையை…]

[உண்மையில் அது ஒரு சின்ன விஷயம். இருவருமே அதை…]

மூன்றையும் அடித்துவிட்டேன். எதை வைத்தாலும் நீங்கள் ஒருத்தி பக்கம் சாய்ந்து நியாயம் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். திருப்புளியிடம் கேட்டதற்கு, "அவங்க சொல்லல, நான் கேக்கல" என்றாள். எனக்கில்லாத நாகரிகம் அவளுக்கு இருக்கிறது.

5

அப்போது ரவுட்டரின் விளக்குகள் ஒருமுறை மினுங்கி அணைந்தன. ஜன்னல் வழியாகக் கீழேயிருந்து ஒரு குரல் ஏறி வந்தது.

"கேக்குதா? நான் பேசறது கேக்குதா?"

கீழ்வீட்டுத் தங்கை கணக்கு டீச்சர். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள்.

"ஹலோ… பசங்களா, கேக்குதா?"

அக்கா தரையைப் பார்த்தபடி, உதடு மட்டும் அசைய, "கேக்குது" என்றாள்.

திருப்புளி எதையும் கவனிக்காதவள்போலப் பையைத் திறந்து எதையோ தேடினாள். தேடுவதற்கு ஒன்றுமில்லை. சும்மா துழாவினாள்.

"ரெண்டு நாள் பொறுத்துப் பாத்தேன்மா. பசங்க முன்னாடி அவ எத்தனை தடவைதான் இதையே கேப்பா? மனசு தாங்கல. அதான் உங்க ஆபீசுக்குப் போன் பண்ணேன். எனக்கென்ன நெட்டு, நான் என்ன பண்ணப்போறேன்?"

"அவங்களே தனியா ஒரு லைன் வாங்கியிருக்கலாமேக்கா? ஒரு மணி நேர வேலை."

"வாங்கலாம்," என்றாள் அக்கா. "ஆனா வாங்கலையே." அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வந்து போனது.

* இந்த இடத்தில் "அக்காவின் கண்கள் கலங்கின" என்று எழுதியிருந்தேன். திருப்புளி ஒத்துக்கொள்ளவில்லை. "அழவே இல்ல சார். மூக்கை உறிஞ்சினாங்க. கட்டிலுக்கடியில அவ்ளோ தூசி, எனக்கே தும்மல் வந்துச்சு." தூசி என்றே இருக்கட்டும்.

6

பழைய ரவுட்டர் தேறாது என்று முடிவானது. புதியதைப் பிரித்து, அதே மூலையில், ஆனால் காற்றோட்டத்துக்காக ஒரு சின்ன மர முக்காலி மேல் வைத்தாள். அலமாரி பற்றி அவள் மறுபடி பேச்செடுக்கவில்லை. ஆன்டெனாக்களைத் தன் கையாலேயே கீழ்வீட்டுக்குத் தோதாக மடக்கிவிட்டாள். கற்றுக்கொடுத்த முறைக்கு இது நேர் விரோதம்.

பிறகு அக்காவின் போனிலேயே பாஸ்வேர்ட் கட்டத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்து, எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"பாஸ்வேர்ட் என்ன வைக்கலாம்க்கா? பழசையே போட்டா எல்லாம் தானா சேந்துக்கும். மாத்தினதே கீழ தெரியாது."

"புதுசு போட்டா?"

"சேராது. வேணும்னா உங்ககிட்ட வந்து கேட்டுத்தான் ஆகணும்."

அக்காவின் கையில் போன் அப்படியே நின்றது. இந்த இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு வழி இருக்கிறதென்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

"வருவாளா?" என்றாள்.

நெட் சரிசெய்ய வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் திருப்புளி யோசித்துத்தான் பதில் சொன்னாள். "வரலாம்க்கா. இல்ல, கோவிச்சுக்கிட்டுத் தனி லைன் போட்டுடலாம்."

தனி லைன் வந்துவிட்டால் இந்த மூலைக்கும் அந்த மேசைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அக்காவுக்கு அது உடனே புரிந்தது. பழையதைப் போட்டால் நூல் அறாது, ஆனால் இன்னொரு இரண்டு வருஷமும் இப்படியே தரையைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"பழைய பாஸ்வேர்ட் நானும் அவளும் சேந்து உக்காந்து போட்டது," என்றாள் அக்கா. கீழே குரல் நின்றுபோயிருந்தது.

7

திருப்புளிக்கு ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் பாஸ்வேர்ட் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, தானாகப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அன்றும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அக்காவின் போன் ஒவ்வொரு எழுத்துக்கும் டிக் என்று சத்தம் கொடுக்கிற ரகம். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணிவிட்டாள். பன்னிரண்டு. பழையது எத்தனை எழுத்தென்று தெரியாததால் அந்தப் பன்னிரண்டால் ஒரு பயனும் இல்லை.

"போட்டாச்சும்மா. நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்."

நெட் வந்துவிட்டதா என்று பார்க்காமல் ஒரு வீட்டை விட்டு அவள் வெளியேறியது அதுதான் முதல் தடவை. படி இறங்கி, கீழ்வீட்டு வாசலில், ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் குனிந்தாள்.

"மேல செருப்புன்னு எழுதியிருக்கீங்க," என்று குறுக்கிட்டாள், இதுவரை எழுதியதை என் லேப்டாப்பில் படித்துக்கொண்டிருந்த திருப்புளி. "செருப்புக்கு ஏது லேசு?"

சரி. செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தாள்.

"என்ன கேட்டுச்சு?" என்றேன் நான்.

"நாற்காலி நகர்ற சத்தம் சார். அதுக்குள்ள அடுத்த வீட்டிலேர்ந்து போன் வந்துடுச்சு."

8

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தங்கை பாடத்தைத் தொடர்ந்திருக்கலாம். "இப்ப கேக்குதா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, மாடியில் ஒருத்தி தலையசைப்பது தெரியாமலே.

அல்லது நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கலாம். படியேறியிருக்கலாம். இரண்டு வருஷம் நாலு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தையாக, "பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்டிருக்கலாம். எனக்கு ஆசை இதில்தான். அந்த ஆசையினாலேயே இதை நம்பப் பயமாக இருக்கிறது.

அல்லது எழுந்தவள் போனை எடுத்து…

இதை எழுதி முடிக்க மனசு வரவில்லை. "கீழ்வீட்டிலேர்ந்து புது லைன் கேட்டு வந்துச்சா?" என்று திருப்புளியிடமே கேட்டேன். "அந்தத் தெருவை இப்ப வேற ஆள் பாக்கறாரு சார்," என்றாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்றேன். கொண்டையிலிருந்து திருப்புளியை உருவி என் லேப்டாப்பின் கடைசி ஆணியை முடுக்கிக்கொண்டே, "கேட்டுத் தெரிஞ்சுக்க எனக்குத் தைரியம் இல்ல," என்றாள்.

9

எனக்கும் இல்லை.

ஆகவே அக்காவின் போனை உங்களிடம் தருகிறேன். ரவுட்டர் அதே மூலையில், முக்காலி மேல் இருக்கிறது. பாஸ்வேர்ட் கட்டம் காலியாக இருக்கிறது. கீழே ஒருத்தி "கேக்குதா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். உங்களுக்கும் இப்படி நேர் கீழே, நேர் மேலே யாராவது இருப்பார்கள், என்ன அடிப்பதென்று உங்களுக்குத்தான் தெரியும்.

பழையதோ புதியதோ, நிதானமாக அடியுங்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். எண்ண மாட்டேன்.