பிரின்ஸுக்கு இன்று மரவள்ளி முறை

நல்லமுத்துவைப் போலீஸ் மாத்தாக்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போன புதன்கிழமையிலிருந்து, அவன் மனைவி முத்தாயிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ரப்பர் பால் வெட்டப் போனால் பாதி மரநிரையில் கத்தி நின்றுவிடும். வீட்டுக்கு வந்தால் அடுப்பு மூட்ட மறந்துபோகும். பிள்ளைகள் இரண்டும் "அப்பா எங்க?" என்று கேட்டால் மட்டும் "டவுனுக்குப் போயிருக்காரு" என்று உடனே சொல்லிவிடுவாள்.

குற்றம் என்ன? ஒரு சாக்கு காய்ந்த மரவள்ளிக் கிழங்கு. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் நாய்க் கூண்டுக்குப் பின்னால் இருந்தது. மலாயாவில் அவசரகாலம். அலோர் காஜாவுக்கும் புலாவ் செபாங்குக்கும் நடுவில், முள்கம்பி வேலிக்குள் அடைபட்டுக் கிடந்த தோட்டம் அது. காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று யாரும் ஒருபடி அரிசியைக்கூட வீட்டில் சேர்த்து வைக்க விடமாட்டார்கள். வேலைக்குப் போகும் பெண்களின் பால்வாளியை வேலிக் கதவில் கவிழ்த்துப் பார்த்துத்தான் வெளியே அனுப்பினார்கள். இந்த லட்சணத்தில், மாதக்கணக்கில் கெடாத கிழங்கு ஒரு சாக்கு அகப்பட்டால் விடுவார்களா? "நாய்க்குங்க" என்று நல்லமுத்து சொன்னதும் அத்தனை மாத்தாக்காரர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம்.

சிரித்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தொழிலாளர் லயத்துச் சனங்களே சிரித்த விஷயம்தான் அது. நல்லமுத்து பார்த்துக்கொள்ளும் துரையின் காவல் நாய் பிரின்ஸ் கன்றுக்குட்டி உயரமிருக்கும். அதற்குச் சீமையிலிருந்து தகர டின்னில் பிஸ்கட் வரும். ஒருமுறை கப்பல் தாமதமாகி பிஸ்கட் தீர்ந்துபோனது. சட்டென்று வேறு தீனி போட்டதில் நாய்க்கு ஒரு வாரம் வயிற்றுப்போக்கு. துரை குதித்த குதியில் நல்லமுத்து நடுங்கிப்போனான். அன்றிலிருந்து அவன் ஒரு முறை வைத்துக்கொண்டான். ஒருநாள் பிஸ்கட். மறுநாள் வறுத்த மரவள்ளித் துண்டு, கூடவே உப்பில்லாத நெத்திலிக் கருவாடு. அதற்கு மறுநாள் வெயிலில் காயவைத்த ரொட்டி. மாற்றி மாற்றிக் கொடுத்து வயிற்றைப் பழக்கிவிட்டால், எது இல்லாமல் போனாலும் நாய் தாங்கும் என்பது அவன் கணக்கு. துரையும் "குட், குட்" என்று தலையாட்டினார்.

முத்தாயிக்கு அந்த நாயைக் கண்டாலே ஆகாது. "எம்புள்ளைங்க தெனம் ஒரே கஞ்சி. அந்த மவராசனுக்கு முறை வச்சு விருந்து" என்று வாய்க்கு வந்தபடி பேசுவாள். நல்லமுத்து காதில் வாங்கமாட்டான்.

தலையாட்டிய துரை இப்போது பினாங்குக்கு ஓய்வெடுக்கப் போயிருந்தார். வர இரண்டு வாரம் ஆகும். பொறுப்பில் இருந்தவர் ஆபீஸ் குமாஸ்தா தனபாலன் கிராணி. வியாழக்கிழமை ஆபீஸ் வாசலில் போய் நின்ற முத்தாயியிடம் அவர் ஒரேயடியாகக் கையைக் கழுவிவிட்டார்.

"துரை எழுத்துல ஒன்னும் குடுக்கலியே முத்தாயி. நான் எதை வச்சுப் பேச? பேசப்போயி என்னையும் லாரியில ஏத்துனா?"

"ஐயா, அது நாய் திங்கற கெழங்குங்க. ஒங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு என்ன? இன்ஸ்பெக்டருக்குத் தெரியணுமே. நாய் கெழங்கு திங்குமான்னு கேக்கறாரு."

அந்த நேரத்தில்தான் முத்தாயி வாயைக் கொடுத்தாள். "வந்து பாக்கச் சொல்லுங்க. அவரு கண்ணு முன்னாலயே அது திங்கும்."

கிராணி அதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். திரும்பி வந்து பதிலைச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வருவார். நாய் தின்றால் நல்லமுத்து வீட்டுக்கு வரலாம். தின்னாவிட்டால் வழக்கு, அப்புறம் நாடு கடத்தி ஊருக்குக் கப்பல். எந்த ஊருக்கு? நல்லமுத்து பிறந்ததே இந்த மலாக்காவில்தான். கப்பலை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அன்று மாலை பங்களாச் சமையற்காரி இருசம்மாள் இன்னொரு சேதி கொண்டுவந்தாள்.

"அந்தப் பிரின்ஸு ரெண்டு நாளா எதையுமே தொடலடி. பிஸ்கட் வச்சேன், பாக்கல. ரொட்டி வச்சேன், முகத்தத் திருப்பிக்குது. ஒம்புருசனுக்காக ஏங்குது போல."

"இத நீ முன்னாடியே சொல்லக்கூடாதாக்கா?"

"நீ கேட்டியா?"

முத்தாயிக்குச் சோறு இறங்கவில்லை. தன் வாயாலேயே புருஷனைக் கப்பலேற்றிவிட்டோமே என்று புலம்பினாள். படுப்பாள், எழுந்திருப்பாள், பிள்ளைகளின் போர்வையை இழுத்துவிடுவாள். விடிந்தபோது கண்ணிரண்டும் எரிந்தன.

இன்ஸ்பெக்டர் ஒன்பது மணிக்கு வந்தார். கைப்பற்றிக்கொண்டு போன சாக்கையும் ஜீப்பில் கொண்டுவந்திருந்தார். ஒரு கான்ஸ்டபிள் கைநிறையக் கிழங்குத் துண்டுகளை அள்ளி, நாயின் தட்டில் போட்டான். பிரின்ஸ் கூண்டுக்குள் படுத்திருந்தது. வயிறு ஒட்டியிருந்தது. மூக்கை நீட்டி மோந்தது, எச்சில் ஒழுகியது, ஆனால் தலையைத் திருப்பி முன்னங்காலின் மேல் வைத்துக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மலாயில் ஏதோ சொன்னார். கிராணி மென்று விழுங்கி, "பத்து நிமிஷம் பாப்பாராம்" என்றார்.

முத்தாயி கூண்டருகே குந்தினாள். "சாப்பிடு சாமி" என்றாள். நாய் அசையவில்லை. "எம்புள்ளைங்க அப்பன் வரணும், தின்னுரு" என்றாள். அசையவில்லை. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அழுகையும் வந்தது. நேரமோ போய்க்கொண்டே இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், கஞ்சி வேண்டாமென்று அடம்பிடிக்கும் தன் சின்னவனிடம் செய்வதையே செய்தாள். தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, "இந்தா பாரு, அம்மா திங்கறேன், நல்லாருக்கு பாரு" என்று வாயில் போட்டுக் கடித்தாள்.

பிரின்ஸ் எழுந்து நின்றது. அவள் மென்று விழுங்கும்வரை அவள் வாயையே பார்த்தது. பிறகு தட்டில் வாயை வைத்து, கடகடவென்று அத்தனையும் தின்று தீர்த்தது. கான்ஸ்டபிள் இன்னும் ஒரு கை போட்டான். அதையும் தின்றது.

முத்தாயிக்கு நேற்றிலிருந்து வயிறு காலி. அவள் கை தன்னாலேயே இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

சனிக்கிழமை பகலில் நல்லமுத்து வந்து சேர்ந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, சட்டையில் ஒரு பித்தான்கூட இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு காலைக் கட்டிக்கொண்டன. முத்தாயி கஞ்சியை ஊற்றிவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். இப்போது சிரிக்க முடிந்தது.

"சின்னவனுக்குக் காட்டற மாதிரி நான் ஒன்னு கடிச்சேனா, ஒடனே எந்திரிச்சு திங்குது."

நல்லமுத்து குடிப்பதை நிறுத்தினான். "நீ தின்னியா?"

"தின்னேன். அதுக்கென்ன?"

"துரை அப்படித்தான் பழக்கி வச்சிருக்காரு" என்றான் அவன் மெதுவாக. "போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துக் காவல் நாய்க்கு வெஷம் வச்சாங்கல்ல? அதுலேர்ந்து நான் மொதல்ல ஒரு வாய் திங்கணும். பிஸ்கட்டோ, கெழங்கோ, ரொட்டியோ, எந்த முறையா இருந்தாலும் சரி. நான் முழுங்குனப்புறந்தான் அது தொடும்."

"வெஷம் இருந்தா?"

"தெரிஞ்சிரும்ல."

"யாருக்குத் தெரியும்?"

அவன் கஞ்சிக் கிண்ணத்தை வழித்துக் குடித்தான்.

"ஒரு வருஷமாவா?" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீங்க."

"சொன்னா விடுவியா? பால் வெட்டறதவிட மாசம் அஞ்சு வெள்ளி கூட வருதுல்ல."

வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஆணியில் தொங்கிய வேறு சட்டையை எடுத்து மாட்டினான். "மணி மூணாவப் போவுது. பிரின்ஸு பசியோட இருக்கும். போய்ட்டு வந்துர்றேன்."

மூன்று நாளாக இந்த மனிதன் வீட்டுக்கு வர வேண்டுமென்று அவள் யார் காலில் விழவில்லை? வந்த சுருக்கில் கிளம்பி நிற்கிறான். முத்தாயி எழுந்து போய்க் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"நவுரு புள்ள. துரைக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிருவாரு."

"தூக்கட்டும்" என்றாள் முத்தாயி. அவள் கதவை விட்டு நகரவில்லை.