ஆமையின் பாதிச் சுவர்

தையல்காரரின் தண்ணீர் ஆமை கொக்கியை விழுங்கிவிட்டது. உடுப்பில் தைக்கிற சின்னக் கொக்கிதான். ஆனால் வயிற்றில் கிழித்தால் கதை முடிந்தது இல்லையா, கண்ணுகளா?

மயக்க வாயு கொடுத்து, வாய்வழியே கேமராக் குழாயை விட்டுக் கொக்கியை எடுத்துவிட்டார் டாக்டரம்மா. வாயுவையும் நிறுத்தியாயிற்று. ஆமைதான் எழுந்திருக்கவில்லை.

மயக்க மெஷின் பக்கம் நின்றவள் டாக்டரம்மாவின் நாத்தனார். பட்டப்பெயர் வாயாடி. ஆமையின் தொண்டைக்குள் போன குழாயில் ஆக்ஸிஜனை ஏற்ற, ரப்பர் பையை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணி, வெளிய வர்ற காத்துல மருந்து சுத்தமா இல்ல. ஸ்கிரீனப் பாருங்க. மருந்து போயிடுச்சு, ஆமை முழிக்கல. அப்ப..." மேலே சொல்லாமல் கதவைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே தையல்காரர் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்.

கழுத்தோரம் ஒட்டியிருந்த கருவியில் இதயச் சத்தம் மட்டும் கேட்டது. ஷ்ஷூ... வெகுநேரம் கழித்து இன்னொரு ஷ்ஷூ.

"நாய்க்குன்னா நீ சொல்றது சரி," என்றார் டாக்டரம்மா. சட்டென்று நிமிர்ந்தார். "அடியே! இது நாய் இல்லடி!"

"அது எனக்கும் தெரியுது. ஓடு இருக்கே."

"விளையாடாத. நாயோட இதயத்துல நடுவுல முழுச் சுவரு. எல்லா ரத்தமும் நுரையீரலுக்குப் போய்த்தான் ஆகணும். இதுக்குக் கீழறை ஒண்ணுதான், உள்ள பாதிச் சுவரு. தண்ணிக்குள்ள மூச்சப் பிடிச்சா நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாயைச் சுருக்கிக்கும். ரத்தம் அந்தப் பக்கமே எட்டிப் பாக்காம உடம்பையே சுத்தி வரும்."

வாயாடியின் கை பையிலேயே நின்றது. "அய்யய்யோ! நான் ஆளில்லாத வீட்டுக்கா விசிறிட்டு இருக்கேன்?"

"மயக்கத்துலயும் இது அதையேதான் செய்யுது. மருந்து போகல. ரத்தத்துலயே சுத்துது. நுரையீரலுக்கு வந்தாத்தானே வெளிய வரும்!"

சுருங்கிய அந்த ரத்தக்குழாயைத் திறக்க அட்ரினலின் ஊசி போடலாம். டாக்டரம்மா அதைப் படித்திருந்தார், செய்ததில்லை. கதவைத் திறந்தார்.

"அண்ணே, ஒரு ஊசி இருக்கு. இதயத்த விரட்டும். எழுந்தாலும் எழும். இதயம் தடுமாறி நின்னாலும் நிக்கும்."

தையல்காரர் உள்ளே வந்து ஆமையைப் பார்த்தார். "போடலன்னா?"

"இப்படியே அடங்கிடுமோன்னு பயமா இருக்கு."

"போடுங்கம்மா. அது சும்மா கிடக்கிறத என்னால பாக்க முடியல."

ஊசி ஏறியது. வாயாடி மறுபடி பையை அமுக்கத் தொடங்கினாள். சத்தம் தடுமாறியது. ஒரு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு ஷ்ஷூ, ஷ்ஷூ, ஷ்ஷூ!

"அண்ணி, ஸ்கிரீன்! மருந்து ஏறுது! வெளிய வருது, வெளிய வருது!" வாயாடி பையை அமுக்கிக்கொண்டே குதித்தாள்.

"அமுக்குடி, நிறுத்தாத! இப்பத்தான் வீட்டுக்கு ஆள் வந்திருக்கு!"

ஸ்கிரீனில் எண் ஏறி, நின்று, மெல்ல இறங்கத் தொடங்கியது. பின்னங்கால் ஒன்று துணியைக் கீறியது. கழுத்து நீண்டது. டாக்டரம்மா தொண்டைக் குழாயை உருவியதும் ஆமை தானாக ஒரு மூச்சு இழுத்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, செல்லங்களே, சின்னக் கதவு திறக்கிற மாதிரி!

தையல்காரர் அழுதுகொண்டே விரலை நீட்டினார். "தொடாதீங்க!" என்று டாக்டரம்மா கத்துவதற்குள் ஆமை கவ்விவிட்டது.

"கடிக்குது! அம்மா, கடிக்குதும்மா!" விரலை இழுக்காமல் அப்படியே நின்று சிரித்தார் அவர்.